மனசு உடைந்து விழுந்த பிறகு எழுந்து வருவது எப்படி: தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மனம் உடைந்து கிடக்கிறவரிடம் முதல் வாரத்திலேயே போய் "எல்லாம் நல்லதுக்குத்தான் நடக்குது" என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அவருக்கு அப்போது தூக்கம் கிடையாது, வாயில் வைத்த சோறு இறங்காது, பிள்ளை பள்ளிக்கூடம் போனதா இல்லையா என்பதுகூட நினைவில் நிற்காது. அவரிடம் வளர்ச்சியைப் பற்றிப் பேசுவது கொடுமை. ஆனால் அதே ஆள் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ போன பிறகு முன்பைவிடத் தெளிவாக, யாருக்குச் சரி சொல்வது யாருக்கு முடியாது என்று சொல்வது என்பது தெரிந்தவராக நடமாடுவதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் கோயில் ஹாலில் கூடுகிற ஒரு சின்னக் குழுவில் டீ போடுவது, நாற்காலி போடுவது, மிச்ச நேரமெல்லாம் உட்கார்ந்து கேட்பது, இதுதான் என் வேலை. நானும் ஒரு காலத்தில் அப்படி விழுந்து எழுந்தவள் என்பதால் அந்த நாற்காலிகளில் எது எப்படிக் கனக்கும் என்று எனக்குத் தெரியும்.

விழுந்ததாலேயே யாரும் வளர்ந்துவிடுவதில்லை. விழுந்த பிறகு என்ன செய்தார்கள், எந்த வரிசையில் செய்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் உயிர், அப்புறம் தூக்கம், அப்புறம் அன்றாட வேலை, அதற்கெல்லாம் பிறகுதான் "எனக்கு ஏன் இப்படி ஆச்சு, இனி எப்படி வாழ்றது" என்ற கேள்வி. நிறையப் பேர் கடைசிக் கேள்வியில் ஆரம்பித்து, விடை கிடைக்காமல் இன்னும் ஆழத்துக்குப் போகிறார்கள்.

இது என்ன, நம்ம வீடுகளில் ஏன் இப்படி வருகிறது

"நெர்வஸ் பிரேக்டவுன்" என்று நாம் சொல்வது டாக்டர்களின் நோய்ப் பட்டியலில் கிடையாது. அந்தப் பேருக்குக் கீழே பல விஷயங்கள் ஒளிந்திருக்கலாம்: கடுமையான மனச்சோர்வு, பதற்றம், அதிர்ச்சிக்குப் பிறகு விடாமல் துரத்தும் பயம், ஒரு சமயம் உச்சியிலும் ஒரு சமயம் பாதாளத்திலும் இருக்கிற பைபோலார், இல்லாத குரல் கேட்பது, பிரசவத்துக்குப் பிறகு வரும் சோர்வு, சில நேரம் வெறும் தைராய்டு கோளாறு. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும், ஆள் நின்றுவிட்டார் என்று. ஆனால் வைத்தியம் ஒவ்வொன்றுக்கும் வேறு.

எங்கள் குழுவுக்கு வரும் ஒரு அக்கா துணி ஃபேக்டரியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டியவர். காலையில் நாலரைக்கு எழுந்து மாமியாருக்கு டயபடீஸ் ஊசி போட்டு, எல்லாருக்கும் டிபன் கட்டி, பஸ் பிடித்து, மாலை வந்து மறுபடி அடுப்பு. பெரிய மகன் சுகர்ஸ் பழக்கத்தில் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தான். (இந்த ஊரில் சுகர்ஸ் என்றால் என்னவென்று தெரியாத தாய் இல்லை. ஹெராயினோடு கண்டதையும் கலந்து விற்கிறார்கள், விட்டால் வயிற்று வலியில் பிள்ளை சுருண்டு போகும்.) ஒரு நாள் மெஷினில் துணியை வைத்தவருக்குக் கால் பெடலை மிதிக்கவில்லை. சூப்பர்வைசர் வந்து கத்துகிறார், கத்துவது காதில் விழுகிறது, கால் மட்டும் அசையவில்லை. கையில் பிடித்திருந்த டிஷர்ட்டின் பக்கத் தையலை அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம், அந்த நூல் நிறம் இன்றைக்கும் நினைவிருக்கிறது என்பார். இப்படித்தான் வருகிறது. அழுது புரண்டு வருவது குறைவு, ஒரு சாதாரண அசைவு நின்றுபோய் வருவதுதான் அதிகம்.

நம்ம ஆட்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து முதல் இந்தியக் கூலிகளோடு ட்ரூரோ கப்பல் டர்பனில் வந்து நின்றதிலிருந்து கரும்புத் தோட்டம், ஒப்பந்தக் கூலி, அப்புறம் இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் என்று டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு சாட்ஸ்வொர்த்துக்கும் மற்ற இடங்களுக்கும் வந்து விழுந்தது வரை, தாங்கிக்கொண்டவர்களின் பிள்ளைகள் நாம். நம்ம ஆயாக்கள் தாங்கினார்கள், அதனால் நாமும் தாங்க வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே நமக்குள் ஏறியிருக்கிறது. 2021 ஜூலைக் கலவரத்தில் கடைகள் எரிந்த அந்த இரவுகளில் தெருமுனையில் தடியோடு நின்ற ஆண்களும், 2022 ஏப்ரல் வெள்ளத்தில் வீட்டை இழந்தவர்களும் அடுத்த வாரமே வேலைக்குப் போனார்கள். "நான் ஓகே" என்றார்கள். அதில் சில பேர் பல மாதம் கழித்துத்தான் எங்களிடம் வந்தார்கள். தாங்குகிற குணத்தை நான் குறைவாகச் சொல்லவில்லை, அது இல்லாவிட்டால் நம்மில் யாரும் இங்கே இருந்திருக்க மாட்டோம். ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு, எல்லையைத் தொட்டதை உடம்புதான் முதலில் சொல்கிறது.

முதல் படி: உயிரைக் காப்பாற்றுங்கள்

வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். உடைந்து கிடக்கிறவரிடம் நேராகக் கேளுங்கள்: "செத்துப்போகலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?" கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். வராது. அந்த எண்ணத்தைத் தனியாகச் சுமந்துகொண்டிருந்தவருக்கு, யாரோ ஒருவர் பயப்படாமல் கேட்டதே பெரிய ஆறுதலாக இருக்கும்.

ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைகள், பூச்சி மருந்து, எலி மருந்து, துப்பாக்கி இருந்தால் துப்பாக்கி, எல்லாவற்றையும் அன்றைக்கே வேறு வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். அந்த வேகம் பல பேருக்குச் சில மணி நேரத்தில் தணிந்துவிடும், அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருப்பதே பாதி உயிரைக் காப்பாற்றும். தென்னாப்பிரிக்க மனச்சோர்வு பதற்ற அமைப்பான சாடாக் நடத்தும் தற்கொலைத் தடுப்பு எண் 0800 567 567, காசு இல்லாமல் 24 மணி நேரமும் கூப்பிடலாம். ஆபத்து கண் முன்னால் நிற்கிறது என்றால் செல்போனிலிருந்து 112, அல்லது ஆம்புலன்ஸுக்கு 10177, இல்லையென்றால் காரில் ஏற்றி நேராக அரசு மருத்துவமனை எமர்ஜென்ஸிக்கு.

ஆள் வர மறுக்கிறார், ஆனால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருக்கிறார் என்றால் 2002-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வழி காட்டுகிறது. கணவன், மனைவி, பெற்றோர், நெருங்கிய உறவினர் என்று கடந்த ஏழு நாளுக்குள் அவரை நேரில் பார்த்த ஒருவர் மனு கொடுக்கலாம். பரிசோதித்துத் தேவை என்று ஆனால் 72 மணி நேரம் மருத்துவமனையில் வைத்துக் கவனித்து, அப்புறம் என்ன செய்வது என்று முடிவெடுப்பார்கள். இது ஜெயில் இல்லை, வீட்டு மானமும் இதனால் போகாது. மனு கொடுத்த மகளையும் மனைவியையும் பின்னாளில் அந்த நோயாளியே கையைப் பிடித்து நன்றி சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். முதல் மாதம் திட்டத்தான் செய்வார், அதற்கும் தயாராக இருங்கள்.

இரண்டாம் படி: டாக்டர், மாத்திரை, காசு

மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்புத் திட்டம்) இல்லாதவர்கள் பக்கத்து அரசு கிளினிக்கில் ஆரம்பிக்க வேண்டும். விடியற்காலையிலேயே வரிசை நீளும். ஒரு ஃபிளாஸ்க், ஒரு போர்வை, கூட ஒரு ஆள், இது மூன்றும் இல்லாமல் உடைந்த மனுஷரை அங்கே அனுப்பாதீர்கள், இரண்டு மணி நேரத்தில் எழுந்து வந்துவிடுவார். கூடப் போகிறவர் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போகட்டும்: எப்போதிலிருந்து தூக்கமில்லை, எடை எவ்வளவு குறைந்தது, என்னென்ன மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறார், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வந்ததா, குடி உண்டா, முன்னால் எப்போதாவது தூக்கமே வேண்டாம் என்று நாள் கணக்கில் துள்ளித் திரிந்து காசை வாரி இறைத்த காலம் உண்டா. கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம், ஏனென்றால் பைபோலார் இருக்கிறவருக்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் மறுபக்கம் தூக்கி அடித்துவிடும். தைராய்டு, ரத்தச்சோகை, பி12, சர்க்கரை ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை கேளுங்கள். அங்கிருந்து தேவைப்பட்டால் ஆர்.கே.கான் போன்ற மருத்துவமனைக்கு எழுதிக்கொடுப்பார்கள்.

மாத்திரையைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நம்ம ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஃப்ளூஆக்ஸெடின், சிட்டலோப்ராம் மாதிரியானவை தலைவலி மாத்திரை போல ஒரு மணி நேரத்தில் வேலை செய்யாது. மாற்றம் தெரியவே இரண்டு வாரம் ஆகலாம், முழுப் பலன் நாலு முதல் ஆறு வாரம். முதல் வாரங்களில் குமட்டல், படபடப்பு, தூக்கக் கோளாறு வரலாம், அதாவது பலன் தெரிவதற்கு முன்னால் தொல்லை தெரியும். பத்தாவது நாளில் "இது எனக்கு ஒத்துக்கல" என்று குப்பையில் போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் போடுகிறார்கள். 25 வயதுக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு ஆரம்பத்தில் சாக வேண்டும் என்ற எண்ணம் கூடலாம், அவர்களை அந்த வாரங்களில் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும், நிறுத்துவதை டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்ய வேண்டும். தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை வேறு ரகம். அவை கொஞ்ச நாளுக்கு மட்டும், நீண்டால் பழக்கமாகிவிடும். பக்கத்து வீட்டு ஆன்ட்டி கொடுத்த மாத்திரை வேண்டவே வேண்டாம்.

மெடிக்கல் எய்ட் இருக்கிறவர்களுக்கு: கடும் மனச்சோர்வும் பைபோலாரும் கட்டாயக் குறைந்தபட்சப் பலன்களில் அடங்கும். வருஷத்துக்கு மூன்று வாரம் வரை மருத்துவமனையில், அல்லது வெளிநோயாளியாக 15 தடவை வரை மனவைத்தியம், இதை எந்தத் திட்டமும் தர வேண்டும், மலிவான திட்டமானாலும் சரி. ஆனால் தானாக வராது. டாக்டர் சரியான நோய்க் குறியீட்டைப் போட்டு விண்ணப்பிக்க வேண்டும், முதலில் மறுத்தால் மறுபடி கேட்க வேண்டும். உடைந்து கிடக்கிறவரால் இந்தப் போன் சண்டையெல்லாம் போட முடியாது, குடும்பத்தில் நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவர் இதைக் கையில் எடுக்கட்டும்.

வேலை? வாரம் ஐந்து நாள் வேலை செய்கிறவருக்குச் சட்டப்படி மூன்று வருஷச் சுற்றுக்கு 30 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு (புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் ஆறு மாதம் 26 நாள் வேலைக்கு ஒரு நாள் என்ற கணக்கு). மனநோய்க்கும் அதே விடுப்புதான். இன்னொன்று பல பேருக்குத் தெரியாது: உங்கள் சம்மதம் இல்லாமல் டாக்டர் சர்டிபிகேட்டில் நோயின் பெயரைப் போடக் கூடாது. "வேலை செய்யும் நிலையில் இல்லை" என்று மட்டும் எழுதச் சொல்லலாம். விடுப்பு தீர்ந்துபோனால் யூஐஎஃப் என்கிற வேலையில்லாதோர் காப்பு நிதியில் நோய்க்காலப் பணத்துக்கு விண்ணப்பிக்கலாம். ராஜினாமா மட்டும் இப்போது வேண்டாம். வேலை, வீடு விற்பது, விவாகரத்து, கடன், இப்படித் திருப்பி எடுக்க முடியாத எந்த முடிவையும் இந்த மாதங்களில் எடுக்காதீர்கள்.

சாமி பார்ப்பது, திருஷ்டி கழிப்பது

இதைப் பேசாமல் நம்ம ஊரில் எந்த வழிகாட்டியும் முழுமையாகாது. "யாரோ செஞ்சு வச்சுட்டாங்க" என்று ஒரு பெரியம்மா கட்டாயம் சொல்லுவார். நான் கோயிலை நம்புகிறவள். எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுங்கள், மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், ஆடி மாதம் கூழ் ஊற்றுங்கள், அதனால் மனசுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். ஆனால் மூன்று விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்: மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர், பெரிய தொகை கேட்கிறவர், அடிப்பது சூடு வைப்பது என்று உடம்பில் கை வைக்கிறவர். இவர்களிடமிருந்து நோயாளியை உடனே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். நல்ல பூசாரிகள் "டாக்டரையும் பாருங்கம்மா" என்று தாங்களே சொல்வார்கள்.

காவடி எடுக்க நேர்ந்திருந்தால், விரதம் மாத்திரை நேரத்தையும் சர்க்கரையையும் எப்படிப் பாதிக்கும் என்று டாக்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். தூக்கமே இல்லாமல் இருக்கிற நிலையிலோ, குரல் கேட்கிற நிலையிலோ அந்த வருஷம் வேண்டாம். முருகன் அடுத்த வருஷமும் இருப்பான்.

மூன்றாம் படி: தூக்கமும் சோறும்

சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் இது நடக்காமல் அடுத்தது எதுவும் நடக்காது. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்துக்கு எழுந்துவிடுங்கள். பகலில் படுக்கையில் கிடக்காதீர்கள், தூக்கம் வராவிட்டால் எழுந்து நாற்காலியில் உட்காருங்கள். மதியத்துக்கு மேல் டீ, காபி வேண்டாம், நம்ம வீட்டில் அது கஷ்டம்தான். எழுந்ததும் அரை மணி நேரமாவது வெளிச்சத்தில் நில்லுங்கள். பசி இல்லையென்றால் கஞ்சி, ரசம் சாதம், வாழைப்பழம், எதுவானாலும் மூன்று வேளையும் கொஞ்சமாவது உள்ளே போகட்டும். குடியை நிறுத்துங்கள். தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், அதனால் டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

நாலாம் படி: தோணும்போது செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள்

மனச்சோர்வின் சூழ்ச்சி இதுதான்: "கொஞ்சம் தெம்பு வரட்டும், அப்புறம் வெளியே போறேன்" என்று சொல்ல வைக்கும். தெம்பு வராது. முதலில் செய்ய வேண்டும், ஆசை பின்னால் வரும். மனவைத்தியத்தில் இதைச் செயல் தூண்டல் என்பார்கள், நன்றாகச் சோதித்துப் பார்த்த முறை, இதைத் தொடங்க ஒரு காகிதமும் பென்சிலும் போதும்.

அந்த ஓவர்லாக் அக்கா கரண்ட் பில்லின் பின்பக்கத்தில்தான் எழுதினார். ஒரு நாளைக் காலை, மதியம், மாலை என்று பிரித்து ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று. முதல் வாரத்தில் காலைக்கு "முகம் கழுவுதல்", மதியத்துக்கு "கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணி", மாலைக்கு "தங்கச்சிக்கு வாய்ஸ் நோட், ஒரு நிமிஷம்". செய்து முடித்ததும் பக்கத்தில் இரண்டு எண் போடச் சொன்னோம், எவ்வளவு சந்தோஷம், எவ்வளவு செய்து முடித்த உணர்வு, பத்துக்கு எத்தனை என்று. சந்தோஷத்துக்குப் பக்கத்தில் வரிசையாகப் பூஜ்யம். ஆனால் கறிவேப்பிலைச் செடிக்கு நேராகச் "செய்து முடித்த உணர்வு" என்ற இடத்தில் இரண்டு, அப்புறம் மூன்று. அதைப் பார்த்துத்தான் அடுத்த வாரம் செடிக்குப் பக்கத்தில் மல்லி விதைத்தார். அப்புறம் வாசலுக்கு வெளியே, அப்புறம் சில்வர்கிளென் காட்டு ஓரம் தங்கச்சியோடு பதினைந்து நிமிஷ நடை, அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பீச். எதையும் முந்தின வாரத்தைவிடக் கொஞ்சமே கூட்டினார். ஒரு நாள் ஒன்றுமே முடியவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு மறுநாள் தொடர்ந்தார்.

இது சலிப்பான கட்டம். பார்க்கிறவர்களுக்கு எந்த முன்னேற்றமும் தெரியாது. வீட்டில் இருக்கிறவர்கள் "இன்னும் எத்தனை நாளைக்கு" என்று கேட்கிற கட்டமும் இதுதான், தயவுசெய்து கேட்காதீர்கள்.

ஐந்தாம் படி: பேச ஒரு ஆள்

சைக்காலஜிஸ்ட் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வழியே இல்லை என்று நினைக்காதீர்கள். பக்கத்து நாடான ஜிம்பாப்வேயில் டாக்டர் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இல் ஹராரேயில் ஒரு வேலை ஆரம்பித்தார். நாட்டில் மனநல மருத்துவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான், ஆனால் பாட்டிமார் இருந்தார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கிளினிக் வாசலில் ஒரு மரப் பெஞ்ச் போட்டு உட்கார வைத்தார். மனம் நொந்து வருகிறவரிடம் பாட்டி முதலில் எல்லாவற்றையும் கொட்ட விடுவார், அப்புறம் அதில் ஒரே ஒரு பிரச்சினையை அவரையே எடுக்க வைத்து, அதற்கு அவரே ஒரு சின்ன வழி யோசிக்க வைத்து, போய்ச் செய்துவிட்டு வா என்று அனுப்புவார். 2016-இல் வெளியான ஆய்வில் 573 பேரைச் சோதித்துப் பார்த்ததில், பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது.

நம்ம ஊரிலும் ஆயாக்களுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் எல்லா ஆயாவும் சரிப்பட மாட்டார்கள். புத்திமதி சொல்லாதவர், வெளியே போய்ச் சொல்லாதவர், உங்களைத் திருத்த நினைக்காதவர், அப்படி ஒருவரைத் தேடுங்கள். நம்ம ஊரில் இரண்டாவதுதான் கஷ்டம், ஒரு கல்யாணம் முடிவதற்குள் செய்தி ஊர் முழுக்கப் போய்விடும். அதனால் சில பேருக்குக் குடும்பத்துக்கு வெளியே இருக்கிற ஆள்தான் வசதி. ஆண்களுக்கு எதிரே உட்கார்ந்து பேசுவதைவிட, மீன் பிடிக்கத் தூண்டில் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று பேசுவது எளிது. அப்படியே பேசட்டும்.

ஆறாம் படி: இப்போது கேட்கலாம், ஏன் இப்படி ஆச்சு என்று

தூக்கம் ஓரளவு வந்து, சோறு இறங்கி, நாளுக்கு இரண்டு மூன்று வேலை நடக்கிறது என்ற பிறகுதான் இந்தப் படி. சில பேருக்கு மூன்று மாதம், சில பேருக்கு ஒரு வருஷம்.

1990-களில் அமெரிக்காவில் ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கால்ஹூன் என்ற இரண்டு உளவியலாளர்கள் பெரிய அடி வாங்கி எழுந்தவர்களை ஆராய்ந்து, அடிக்குப் பிறகான வளர்ச்சியை அளக்க 1996-இல் ஒரு கேள்விப் பட்டியல் வெளியிட்டார்கள். வளர்ச்சி ஐந்து இடங்களில் தெரிகிறது என்றார்கள்: தன் பலத்தை உணர்வது, புது வழிகள் திறப்பது, உறவுகள் ஆழமாவது, வாழ்க்கையின் அருமை தெரிவது, ஆன்மீகம் மாறுவது. அவர்கள் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. வலி போன இடத்தில் வளர்ச்சி வந்து உட்காருவதில்லை, இரண்டும் ஒரே ஆளுக்குள் ஒரே சமயத்தில் இருக்கும். அதனால் "எனக்கு இன்னும் வலிக்குது, அப்போ நான் தேறலையா" என்று நினைக்காதீர்கள். வளர்ச்சி எல்லாருக்கும் வருவதும் இல்லை. விழுந்ததிலிருந்து எழுந்து பழையபடி சோறு பொங்கிச் சாப்பிடுகிறார் என்றாலே அது முழு வெற்றி, அதற்கு மேல் யாரும் யாரிடமும் கேட்கக் கூடாது.

அவர்களே இன்னொரு வித்தியாசமும் காட்டுகிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தானாக வந்து சுற்றுகிற எண்ணம் ஒன்று, நாமாக உட்கார்ந்து ஒரு நேரம் ஒதுக்கி யோசிப்பது ஒன்று. முதலாவது தின்னும். இரண்டாவதுதான் புதிதாகக் கட்டும். அதைச் செய்ய நல்ல வழி எழுதுவது. ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற உளவியலாளர் 1980-களில் சோதித்த முறை எளிது: நாலு நாள், நாளுக்கு 15 முதல் 20 நிமிஷம், மனதை அழுத்துகிற விஷயத்தைப் பற்றி நிறுத்தாமல் எழுதுவது, எழுத்துப் பிழை பார்க்காமல், யாருக்கும் காட்டாமல். எழுதி முடித்ததும் கிழித்துப் போட்டாலும் சரி. எழுதும்போது தாங்க முடியாமல் போனால் நிறுத்திவிட்டு வேறு எதையாவது எழுதுங்கள். அடி விழுந்த உடனே இதைச் செய்யக் கூடாது, அதனால்தான் ஆறாவது படியில் வைத்தேன்.

எழுத மூன்று கேள்வி தருகிறேன். விழுவதற்கு முந்தைய வருஷத்தில் நான் சுமந்ததில் எது என்னுடையது, எது பிறர் என் தலையில் வைத்தது? உடம்பு முதலில் எப்போது சொன்னது, நான் ஏன் கேட்கவில்லை? விழுந்த பிறகு யார் வந்தார்கள், யார் வரவில்லை? மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதும்போது பல பேர் அழுவார்கள். பத்து வருஷம் பணம் கொடுத்து உதவிய தம்பி எட்டிப் பார்க்கவில்லை, தெருவில் தலையாட்டல் மட்டும் இருந்த ஜூலு அம்மா தினமும் சூப் கொண்டுவந்து வைத்தார், இப்படித்தான் வரும்.

ஏழாம் படி: சுமையைப் பிரித்துக் கொடுப்பது

என்னைக் கேட்டால் வளர்ச்சி என்பது இங்கேதான் இருக்கிறது, மற்றதெல்லாம் இதற்கு ஏற்பாடு. உடைவதற்கு முன்னால் இருந்த அதே ஆளாகத் திரும்பினால் அதே இடத்தில் மறுபடி விழுவார். மாறினால்தான் நிற்பார், ஆனால் அந்த மாற்றம் கூட இருக்கிறவர்களுக்குப் பிடிக்காது, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

அக்காவின் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் மேஜையில் உட்கார வைத்தார். ஒரு தாளில் வாரத்துக்கு வீட்டில் நடக்க வேண்டிய வேலை முழுவதையும் எழுதினார், ஊசி, டிபன், துணி, கிளினிக், பில், எல்லாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் செய்கிறார்கள் என்று எழுதச் சொன்னார். தாள் முழுக்கத் தன் பெயர். புருஷன் அதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லையாம். அப்புறம் மாமியாரின் ஊசியை நான் போடுகிறேன் என்று பேனாவை எடுத்தார். இரண்டாவது மகள் டிபனை எடுத்துக்கொண்டாள். மாமியார் முதல் மாதம் முறைத்தார், "எங்க காலத்துல" என்று ஆரம்பித்தார். அக்கா பதில் சொல்லவில்லை, தாளையும் எடுக்கவில்லை. மகன் விஷயம் கஷ்டமானது. இனி உனக்குக் காசு இல்லை, வைத்தியத்துக்கு வருகிறாய் என்றால் அன்றைக்கே நான் கூட வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அவன் இன்னும் முழுதாக விடவில்லை. ஆனால் அக்கா அவனோடு சேர்ந்து மூழ்குவதை நிறுத்திவிட்டார்.

நீங்களும் இதைச் செய்யும்போது ஒரே நாளில் எல்லாவற்றையும் தூக்கிப் போடாதீர்கள். ஒரு சமயத்தில் ஒரு சுமை. "முடியாது" என்று சொல்லிப் பழக சுலபமான ஆளிடம் ஆரம்பியுங்கள், மாமியாரிடம் ஆரம்பிக்காதீர்கள். "இந்த சனிக்கிழமை என்னால வர முடியாதுங்க" என்று சொல்லிவிட்டுக் காரணம் சொல்லாமல் வாயை மூடிக்கொள்வதுதான் பயிற்சி. குற்ற உணர்வு வரும். வரட்டும், அது கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகும்.

வேலைக்குத் திரும்புவது

முதல் நாளே முழு நாள் வேண்டாம். அரை நாள், அல்லது வாரம் மூன்று நாள் என்று கேளுங்கள். மனநோயால் நீண்ட கால இயலாமை உள்ளவருக்கு நியாயமான மாற்றங்கள் செய்து தர வேண்டும் என்று வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் சொல்கிறது, டாக்டர் கடிதத்தோடு எழுத்தில் கேட்டால் மறுப்பது கஷ்டம். சக ஊழியர்களுக்கு என்ன சொல்வது என்பதை ஒரு வரியில் முன்பே தயார் செய்துகொள்ளுங்கள்: "உடம்பு சரியில்ல, இப்ப தேவலை." அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தர வேண்டியதில்லை.

மறுபடி வந்தால்: ஒரு பக்கத் தாள்

மனச்சோர்வு ஒரு தடவை வந்தவருக்கு மறுபடி வர வாய்ப்பு உண்டு. நன்றாக இருக்கும்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள், உடைந்த நேரத்தில் எழுத முடியாது. மேலே உங்களுக்கே உரிய முன் அறிகுறிகள், பொதுவாக எழுதாமல் துல்லியமாக. ஒருவர் எழுதியது: "மூன்று நாள் தொடர்ந்து நாலு மணிக்கு முழிப்பு. வாட்ஸாப்பைத் திறக்காமல் விடுவது. சாமி விளக்கு ஏற்றாமல் இருப்பது." அதற்குக் கீழே, அது தெரிந்த அன்றே செய்ய வேண்டியது: எந்த வேலையை நிறுத்துவது, எந்த டாக்டரிடம் நேரம் வாங்குவது, எந்த மாத்திரை ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குக் கீழே கூப்பிட வேண்டிய மூன்று பேர், கூடவே 0800 567 567. கடைசியில், நீங்கள் "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று மறுத்தாலும் கேட்காமல் உங்களை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக யாருக்கு அனுமதி தருகிறீர்கள் என்று அவர் பெயர்.

ஒரு பிரதி ஃப்ரிட்ஜ் கதவில் வேண்டாம், வருகிறவர் போகிறவர் எல்லாம் படிப்பார்கள். அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். இன்னொன்று அந்த அனுமதி பெற்றவரிடம் இருக்கட்டும். தீபாவளிக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்து, போன் நம்பர் மாறியிருந்தால் மாற்றி எழுதுங்கள்.